அறுவை அறையில் தெளித்த சாணித் தண்ணீர்

இறந்துபோனவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போன பிறகு, அறுவை அறையைக் கழுவி மூடும் வேலை எனக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முண்டியடித்து நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது நான் டாக்டருக்கு உதவியாகப் புண் கட்டி மருந்து கொடுக்கப் பழகும் பயிற்சி டிரஸ்ஸர். ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் சில ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, இரண்டுக்கும் நடுவில் சிமெண்டுத் தரையும் எண்ணெய் வர்ணச் சுவருமாக ஒரே ஒரு அறுவை அறை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த என்னைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் போகச் சொன்னார் அப்பா. அவரோடு மல்லுக்கட்டித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். கிருமிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் எனக்குத் தேய்த்துக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

இறந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்த முள்வாரியை மிதித்துவிட்டார். காயம் சின்னது, அவரே அதை மறந்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு வாய் பூட்டிக்கொண்டது. முதுகு வில்லைப்போல் வளைந்தது. இங்கிலீஷில் டெட்டனஸ். தமிழ் வைத்தியப் புத்தகத்தில் வில்வாதம் என்பார்கள்; தோட்டத்து லயத்து வீடுகளில் இழுப்பு ஜன்னி என்பார்கள். வெள்ளைக்கார டாக்டர் துரை காயத்தைக் கீறித் திறந்து பார்க்கலாம் என்று மேசையில் கிடத்தினார். கத்தி படும்போதே ஒரு இழுப்பு வந்தது, அதோடு போய்விட்டார்.

“இந்தக் கிருமி லேசில் சாகாது. சுவரின் உச்சியிலிருந்து ஆரம்பி, தரையைக் கடைசியில் கழுவு. பிறகு ஃபார்மலின் புகை போட்டு மூடு” என்று எனக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு டாக்டர் துரை அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பெரிய டிரஸ்ஸரும் அவரோடு காரில் போனார்.

எனக்குத் துணை, அறுவை அறையில் வேலை பார்க்கும் தியேட்டர் ஆயா மட்டும். நடு வயது, கனத்த குரல். வேலைக்கு அஞ்சாத கை, அந்தக் கைக்கு இணையான வாய். பஞ்சையும் கட்டுத் துணியையும் பின்கட்டில் எரித்தோம். விரிப்புகளை லைசால் என்ற கிருமிநாசினியில் ஊறப்போட்டோம். கருவிகளை நீராவிப் பெட்டியில் அடைத்தோம். மேசையைக் கழுவி வெயிலில் தள்ளினோம். நான் ஏணியில் ஏறிச் சுவரைத் தேய்க்க, ஆயா கீழே வாளியோடு நின்றார்.

“தம்பி, கூரையையும் தொவைக்கப் போறியா?”

“தூசி இருக்கும் ஆயா.”

“இருக்கட்டும்லா. செத்தவன் கூரையிலயா ஒட்டிக்கிட்டிருக்கான்?”

தரையும் முடிந்த பிறகு ஜன்னல் இடுக்குகளில் கஞ்சிப் பசையால் பழைய செய்தித்தாளை ஒட்டினோம். எனாமல் தட்டில் பெர்மாங்கனேட் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அது புஸ்ஸென்று பொங்கும் சத்தம் கேட்டது. கதவின் இடுக்கில் காகிதம் ஒட்டும்போது கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அத்தனை சந்தோஷமாக நான் அழுததில்லை.

மறுநாள் காலையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்த அறையில் எந்த வாசமும் மனுஷ வாசமாக இல்லை. அம்மோனியா தெளித்து, ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டேன். அறை தயார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று பகலில்தான் அந்த மாட்டு வண்டி வந்தது.

வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு பெண். வண்டிக்காரர் உள்ளே வைக்கோல்மேல் சுருண்டு கிடந்தார். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகை வீட்டுக்கு விறகு கொண்டுபோகிற வண்டி அது. அவருக்கு ரொம்ப நாளாகக் குடலிறக்கம். அன்று காலை விறகு தூக்கியபோது வெளியே வந்த குடல் திரும்ப உள்ளே போகவில்லை, சிக்கி இறுகிவிட்டது. வாந்தி வேறு. அவருடைய மனைவியே மாட்டைப் பூட்டி ஓட்டி வந்துவிட்டார்.

தொட்டுப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. அன்றைக்குள் அறுத்துச் சிக்கலை விடுவிக்காவிட்டால் உள்ளே குடல் அழுகும். ஜொகூர் பாருவுக்கு அனுப்பலாம் என்றால் ரயிலுக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்து ஆபீசுக்கு ஓடி டெலிபோனில் டாக்டர் துரையைப் பிடித்தேன். வெளிச்சம் இருக்கும்போதே வருவதாகவும், அறையைத் தயாராக வைக்கும்படியும் சொன்னார்.

திரும்பி வந்தால் வண்டி மறுபடி பூட்டப்பட்டிருந்தது. வார்டில் படுத்திருந்த யாரோ, நேற்று அந்த அறையில் ஒருவர் முறுக்கிக்கொண்டு செத்ததைச் சொல்லிவிட்டார்கள்.

“அங்க எம்புருசன விடமாட்டேன். முறுக்கிச் செத்தவன் அங்கயேதான் சுத்திக்கிட்டிருப்பான். வேற எங்கயாவது கொண்டுபோறேன்” என்றார் அந்த அம்மாள்.

“வேற எங்கயும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதும்மா. அந்த ரூம நான் கழுவிட்டேன். அங்க இப்ப ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லயா?”

“ஒண்ணுமே இல்ல.”

என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். ஃபார்மலினைப் பற்றிச் சொன்னேன். நீராவிப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் மாட்டை ஒரு அடி நகர்த்தினார். ஆயா குறுக்கே வந்து என்னைத் தள்ளிவிட்டு, “நீ போயி ஆயுதத்தையெல்லாம் எடுத்து வையி தம்பி, நான் பேசிக்கிறேன்” என்றார். நம்பிப் போய்விட்டேன்.

கத்திகளையும் இடுக்கிகளையும் தட்டில் எடுத்து வைத்து மூடிவிட்டு வந்தபோது வண்டிக்காரர் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவர் மனைவி பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். என் மனசு குளிர்ந்தது. ஆயாவைப் பாராட்ட வேண்டும் என்று அறுவை அறைக் கதவைத் தள்ளினேன்.

வாசம்தான் முதலில் வந்தது. அடுத்ததாகத் தரை. ஈரமாக, பச்சையாக, புள்ளி புள்ளியாக. சுவரின் அடிப்பாகத்திலும் தெறித்திருந்தது. ஆயா மூலையில் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“இது என்னா ஆயா?”

“சாணித் தண்ணி. தீட்டுக் கழிய வேணாமா? அந்த அம்மா கண்ணு முன்னாலயே தெளிச்சுக் காட்டினேன். ஒடனே எறக்கிட்டா. வேலைய முடிச்சுட்டேன்லா.”

“ஏது சாணி?”

“வெளிய நிக்கிதுல்ல, அவங்க மாடு. சூடா போட்டுச்சு.”

என் புத்தகத்தில் அந்தக் கிருமியின் படம் இருந்தது. ஒரு முனை உருண்டையான, மேளக்குச்சி போன்ற வடிவம். அது எங்கே வசிக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருந்தது: மாட்டின் குடலில், குதிரையின் குடலில், அவற்றின் சாணத்தில், அந்தச் சாணம் கலந்த மண்ணில். நேற்று எதை இந்த அறையிலிருந்து விரட்ட நான் ஏணியில் ஏறினேனோ, அதையே ஆயா வாளியில் கரைத்துக் கொண்டுவந்து தெளித்திருக்கிறார். ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் தெளித்திருக்கிறார். அவர் தெளிக்காவிட்டால் வண்டி இந்நேரம் போயிருக்கும். இதில் யாரிடம் கோபப்படுவது?

“ஆயா, சாணியிலதான் அந்த நோவே இருக்கு.”

“அலாமாக். யாரு சொன்னா?”

“புத்தகத்துல இருக்கு.”

ஆயா இடுப்பில் கைவைத்தார். “நேத்து நீ பொகை போட்டியே, அது என்னாத்துக்கு? கண்ணுக்குத் தெரியாதத வெரட்ட. நான் தெளிச்சனே, இது என்னாத்துக்கு? இதுவும் அதுக்குத்தான். ஓம் பொகைக்கு இங்கிலீஷ்ல பேரு இருக்கு, என் சாணிக்கு இல்ல. அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் தப்பு இருந்தது. அது எங்கே இருந்தது என்று எனக்கு உடனே எடுத்துக்காட்ட வரவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. சாணியைக் கழுவினால் அந்த அம்மாள் வண்டியைப் பூட்டுவார். கணவர் வழியில் சாவார். கழுவாவிட்டால் வயிற்றில் அறுத்த புண்ணோடு அவர் அந்த அறையில் கிடப்பார். ஒரு வாரம் கழித்து வாய் பூட்டலாம். இதைத் தவிர மூன்றாவது வழி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. மருந்து கொடுக்கும் அறைக்கு மேசையைத் தூக்கிவிடலாமா என்று ஓடிப் பார்த்தேன். அங்கேதான் காலையில் நாட்பட்ட கால்புண்களுக்கெல்லாம் கட்டுப்போட்டிருந்தோம். ஈ மொய்த்தது. திரும்பி வந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கடைசியில் அந்த அம்மாளிடமே போய் உட்கார்ந்தேன். யோசித்து அல்ல, வேறு போக்கிடம் இல்லாமல்.

“அம்மா, அந்த ரூம மறுபடியும் கழுவணும்.”

விசிறி நின்றது. “ஏன்? சாணி தெளிச்சாச்சே.”

“அந்தச் சாணியத்தான் கழுவணும். நேத்து செத்தவருக்கு வந்த நோவு சாணியில இருக்கும்.”

“நான் பொறந்ததுலேருந்து சாணி தொடுறேன். எனக்கு வரலயே.”

“தோல்ல பட்டா ஒண்ணும் பண்ணாது. புண்ணு வழியா உள்ள போனாத்தான்.”

“கொஞ்சம் முந்தி அந்த ரூம்ல ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க.”

“அப்ப இல்லன்னு நெனச்சேன். இப்ப இருக்கலாம். இருக்கா இல்லயான்னு பாத்துச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாது.”

“கழுவினாப் போயிருமா?”

“சுலபத்துல போகாது. கொதிக்கிற தண்ணியிலயே சாகாமக் கெடக்கும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“வருசக்கணக்கா. தூசியோட தூசியா காத்துக்கிட்டுக் கெடக்கும். ஒரு புண்ணு கெடைச்சா உள்ள போயி ஆள முறுக்கிப் போடும்.”

அவர் என்னை விட்டுவிட்டு, கதவோரம் நின்ற ஆயாவைப் பார்த்தார். “கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வச்சாலும் சாகாது, காத்துக்கிட்டுக் கெடந்து ஆளப் பிடிக்கும். இதத்தானேக்கா நானும் சொன்னேன். இந்தத் தம்பி இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லிச்சு.”

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புத்தகத்தில் இருந்தது. அதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவர் பயந்த அதே உருவம் எழுந்து நின்றது. அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது வண்டிக்காரர் முனகி, பச்சையாக வாந்தி எடுத்தார். அந்த விவாதத்துக்கு நேரம் இல்லை.

“ஒனக்குப் பயமா இருக்கா தம்பி?” என்றார் அந்த அம்மாள். அதுவரை ஐயா என்று சொல்லாவிட்டாலும் மரியாதையாகத்தான் பேசியவர், திடீரென்று ஒருமைக்கு மாறிவிட்டார்.

“இருக்கு.”

“அப்பச் சரி. பயம் இல்லாதவன் கழுவினா மேலாப்புலதான் கழுவுவான். நீ கழுவு. ஆனா நானும் கழுவுவேன். எங்கண்ணு முன்னால போகணும் அது.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தபோது எனக்கு அடுத்த குழப்பம். அந்தக் கையால்தான் மாட்டைப் பூட்டினார், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். லைசால் சட்டியை அவர்முன் வைத்து முழங்கை வரை கழுவச் சொன்னேன்.

ஆயா சிரித்தார். “அவ கையக் கழுவு, காலக் கழுவு, அப்பறம் வண்டியக் கழுவு, மாட்டக் கழுவு. பொழுது போயிரும், டாக்டர் தொர வந்து ஒன்னயக் கழுவி ஊத்துவாரு.”

கேலி செய்தாரே தவிர, கொதிநீர் வாளியைத் தூக்கி வந்தது அவர்தான். முகம் மட்டும் சுண்டியிருந்தது. மூவரும் சோப்பும் சோடாவும் போட்டுத் தேய்த்தோம். நான் சுவர், அவர்கள் இருவரும் தரை. பச்சை நிறம் போன பிறகும் அந்த அம்மாள் நிறுத்தவில்லை. சிமெண்டில் ஒரு வெடிப்பு இருந்தது. ஈர்க்குச்சியால் அதைக் கிண்டிக் கிண்டிக் கழுவினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. குலசாமியைக் கூப்பிட்டாரா, நேற்று இறந்தவரைப் போய்விடச் சொன்னாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. அந்த வெடிப்பை நேற்று நான் பார்க்கவே இல்லை.

மறுபடி ஃபார்மலின் போட ஒரு பகலோ இரவோ வேண்டும். அது இல்லை. லைசாலைக் கெட்டியாகக் கரைத்துத் தரை முழுக்க விட்டோம்.

கார் வந்தது. டாக்டர் துரை உள்ளே காலை வைத்ததும் மூக்கைச் சுளித்தார். ஆயாவைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், “என்னா நாத்தம் இது?” என்றார். ஆயா என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பெரிய டிரஸ்ஸர் தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். டாக்டர் துரை தரையைப் பார்த்தார், ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தார், வராந்தாவில் கிடந்த வண்டிக்காரரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“கழுவியது போதுமா, சார்?” என்றேன்.

“தெரியாது” என்றார்.

அந்தச் சொல் எனக்குப் புதிது. அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு சொன்னார்: “இந்த அறை அவனைக் கொல்லலாம். வெளியே விட்டால் கட்டாயம் சாவான். மேசையைக் கொண்டு வா.”

பெரிய டிரஸ்ஸர் குளோரோஃபாரம் சொட்டினார். நான் கருவிகளை எடுத்துக் கொடுத்தேன். குடல் கறுத்திருந்தது. வெந்நீர்த் துணியை வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மெல்ல மெல்லச் சிவந்தது. உள்ளே தள்ளித் தைத்தார்கள். டாக்டர் துரை காரில் வைத்திருந்த கடைசி மருந்துக் குப்பியைத் திறந்து வில்வாதத் தடுப்பு ஊசியைப் போட்டார். அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது என்று பெரிய டிரஸ்ஸர் சொன்னார். குதிரையின் சாணத்தில் நோய், ரத்தத்தில் மருந்து. நான் எதையும் புரிந்துகொள்ள முயலாமல் கருவிகளைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த நோய் புண் ஆறும்போதும் வரும். தினமும் காலையில் நான் முதலில் அவர் கட்டிலுக்குத்தான் போவேன்.

“அண்ணே, வாயத் தொறங்க.”

அவர் திறப்பார். அவர் மனைவியும் குனிந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே வெற்றிலைக் கறைதான் தெரியும்.

“என்னாத்தத்தான் தேடுறீங்க ரெண்டு பேரும்? மாட்டுக்குப் பல்லு பாக்கிற மாதிரி” என்பார் வண்டிக்காரர். அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

ஒரு காலையில் அவர் திறக்கவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவர் மனைவி என் கையைப் பற்றினார், நகம் பதிந்தது. நான் கழுத்தைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன், விறைப்பு இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. வராந்தா நெடுக ஓடிப் பெரிய டிரஸ்ஸரை இழுத்து வந்தேன். அவர் ஒரு கரண்டிக் காம்பை உள்ளே விட்டுக் கடைவாயைப் பார்த்துவிட்டு, “ஈறு வீங்கிக் கிடக்கு. பல்லு சொத்தை” என்றார்.

வாளியோடு பின்னால் ஓடி வந்திருந்த ஆயா வராந்தாக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அவரும் தினமும் கதவோரத்தில் நின்று அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது.

பல்லைப் பிடுங்கினோம். இன்னும் சில நாள் போனது. ஒன்றும் வரவில்லை. தையலும் பிரித்தாயிற்று. டாக்டர் துரை வந்து பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். எது காப்பாற்றியது என்று கேட்டேன். கழுவியதா, ஊசியா? “அந்தச் சாணத்தில் கிருமியே இல்லாமலும் இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். ஆயாவைக் கேட்டேன். “நான் தெளிச்சதுல பாதி வேல முடிஞ்சிருச்சு, நீ கழுவினதுல மீதி” என்றார். அப்படியும் இருக்குமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்படி யோசித்ததற்காக என்மேலேயே எரிச்சல்பட்டேன்.

வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் மெதுவாக ஏறி உட்கார்ந்து, மனைவி கயிற்றைப் பிடித்திருப்பதைப் பார்த்து முறைத்தார். “ஓட்டுறது நானு. நீ சும்மா இரு” என்று அந்த அம்மாள் அவரை அடக்கிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு இறங்கி என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். லைசால் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது.

“இது புண்ணு இல்லயா?”

“சும்மா வெடிப்பு.”

“அன்னைக்கும் இருந்துச்சா?”

யோசித்தேன். இருந்தது என்றுதான் தோன்றியது. அந்தக் கையோடுதான் சாணிச் சுவரைத் தேய்த்தேன். இத்தனை நாளும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. ஊசியும் அன்று ஒன்றுதான் இருந்தது.

“வாயத் தொற” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில், மாடும் ஆயாவும் வண்டிக்காரரும் பார்த்திருக்க, நான் வாயைத் திறந்தேன். அவர் பெருவிரலால் என் தாடையை அழுத்திப் பார்த்தார். தாடை வலித்தது. அவர் அழுத்தியதால் வலித்ததா, அதற்கு முன்பே வலித்துக்கொண்டிருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இன்னும் நல்லாத் தொற” என்றார்.